ஜெனீவாவிலிருந்து ஊரடங்கு வராது

உப்புவெளியில் இருக்கும் பெரியம்மா ஒரு குரல் பதிவை அனுப்பி, "தம்பி, பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி வைக்கட்டா?" என்று கேட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் தொற்றுநோய் ஒப்பந்தம் வந்துவிட்டதாம், இனி அவர்கள் சொன்னால் இலங்கை ஊரடங்கு போட்டே ஆகவேண்டுமாம், ஊசி போடாதவர் திருகோணமலை சந்தைக்குக்கூடப் போக முடியாதாம். திருகோணமலை இணையக் குழுக்கள் பலவற்றில் இந்தப் பதிவுதான் சுற்றுகிறது.

ஒப்பந்தம் உண்மை. 2025 மே 20 அன்று ஜெனீவாவில் நிறைவேறியது. முதல் நாள் குழு வாக்கெடுப்பில் ஆதரவு 124, எதிர்ப்பு இல்லை, 11 நாடுகள் நடுநிலை வகித்தன. மிச்சமெல்லாம் தவறு. நாடுகளின் சட்டத்தை மாற்றவோ, தடுப்பூசியைக் கட்டாயமாக்கவோ, ஊரடங்கு விதிக்கவோ அந்த நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை என்று ஒப்பந்த வாசகத்திலேயே எழுதியிருக்கிறது. அவர்களின் இணையதளத்தில் வாசிக்கலாம்.

இங்கே அப்படியான விதிகள் தொற்றுக்காப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொழும்பில்தான் போடப்படுகின்றன. அது 1897ஆம் ஆண்டுச் சட்டம். விதிகள் வர்த்தமானியில் வரும், அரசாங்க அச்சகத் திணைக்களத் தளத்தில் பார்க்கலாம். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை (உடல்களை) எரித்த கொடுமையை நினைத்துப் பாருங்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2021 பெப்ரவரி வரை கொழும்பு விடவில்லை. கட்டாய ஊசி சரியா பிழையா என்று தாராளமாக வாதாடலாம், ஆனால் கேள்வியை உரிய இடத்தில் கேட்க வேண்டும்.

அந்த வதந்திப் பதிவு உங்களுக்கும் வந்தால் தயவுசெய்து பகிர வேண்டாம். பெரியம்மா அழித்துவிட்டார். அட்டையை மட்டும் எப்படியோ தேடி எடுத்துவிட்டாராம்.