மகளுக்குப் பாடம் சொன்ன அம்மா

பின்லாந்தின் ஓபரா (இசை நாடக) பாடகி ஐனோ அக்டே பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் அவர் அம்மா எம்மி அக்டேவை ஒரே வரியில் கடந்துவிட்டது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. 1873இல் பின்னிஷ் மொழியில் பாடும் பின்னிஷ் ஓபரா குழு தொடங்கியபோது அதன் முன்னணிப் பாடகி எம்மிதான். ஐரோப்பிய ஓபராக்களை உள்ளூர் மக்கள் தங்கள் மொழியிலேயே கேட்டார்கள் என்பது சின்ன விஷயமா? ஆறே வருடத்தில், 1879இல், அது நின்றுபோனது. ஆனால் எம்மியின் வேலை நிற்கவில்லை. குரல் பயிற்சி ஆசிரியராகத் தொடர்ந்தார்.

ஐனோவின் முதல் குருவும் அவர்தான். அப்புறம்தான் பாரிஸில் படிப்பு, 1897இல் அங்கேயே ஓபரா மேடை. பின்லாந்து இசையமைப்பாளர் சிபெலியுஸ் ஐனோவுக்காக எழுதிய 'லுவோன்னோதர்' 1913இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் அரங்கேறியது. பாடுவதற்கு மிகக் கடினமான உருப்படி அது, குரலை எங்கெங்கோ ஏற்றி இறக்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எம்மிதான் நினைவுக்கு வருவார். இன்னொரு மகள் இர்மா தெர்வானியும் ஜெர்மனியின் டிரெஸ்டனில் புகழ்பெற்ற ஓபரா பாடகி. பின்லாந்தின் சவோன்லின்னா ஊர்க் கோட்டையில் 1912இல் ஐனோ தொடங்கிய ஓபரா விழா இன்றும் நடக்கிறது. எம்மியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதுங்கள், ஆசையோடு காத்திருப்பேன்.