தரையிலும் கவனம் வேண்டும்

விமான விபத்து என்றாலே நமக்கு வானம்தான் ஞாபகம் வரும். ஆனால் இதுவரை நடந்த விமான விபத்துகளிலேயே அதிக உயிர்களைக் குடித்தது தரையில் நடந்த ஒன்றுதான். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ ஜெட்கள் ஒரே ரன்வேயில் மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள்.

அது அந்தக் காலம், இப்போது எல்லாம் மாறிவிட்டது என்பவர்கள் 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முந்தைய நாள் நோட்டோ தீபகற்பத்தில் பெரிய நிலநடுக்கம். கடலோரக் காவல்படையின் சிறிய விமானம் ஒன்று நிவாரணப் பொருட்களோடு கிளம்பிக்கொண்டிருந்தது. புறப்படுவதில் முதல் இடம் உங்களுக்குத்தான், ரன்வேக்கு வெளியே இருக்கும் சி-5 நிறுத்தக்கோடு வரை வாருங்கள் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கன்ட்ரோலர் சொன்னார். அதைச் சரியாகத் திருப்பிச் சொன்ன பதிலும் பதிவாகியிருக்கிறது. அப்புறம் அந்த விமானம் கோட்டில் நிற்கவில்லை. நேராக ரன்வேக்குள் போய்ச் சுமார் 40 வினாடி அங்கேயே நின்றது. அதே ரன்வேயில் 379 பேரோடு ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 என்ற பெரிய விமானம் வந்து இறங்கியது.

சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்துபோனார்கள். பெரிய விமானம் எரிந்து சாம்பலானாலும் அதிலிருந்த அத்தனை பேரும் தப்பித்தார்கள். பைகளை அப்படியே விட்டுவிட்டு வரிசையாக இறங்கிய அந்தப் பயணிகளையும், மைக் வேலை செய்யாமல் மெகாஃபோனில் கத்தி வழிகாட்டிய பணியாளர்களையும் உலகமே பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் என்னால் அந்த 40 வினாடியைத் தாண்டிப் போக முடியவில்லை.

ரன்வேயில் யாரோ நிற்கிறார்கள் என்று கன்ட்ரோலரின் திரை நிறம் மாறிக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்கு ஒலி கிடையாது. அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதியும் அப்போது இல்லை. ரன்வே வாசலில் சிவப்பாக எரிந்து நிறுத்தும் விளக்கு வரிசை ஒன்று உண்டு. அது பராமரிப்பு வேலைக்காக அணைந்து கிடந்தது. எரியும் நிலையில் இருந்திருந்தாலும் அன்றைக்குப் போட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் பார்வை மங்கும் வேளைகளில் மட்டும் போடுவதுதான் அப்போது அங்கே வழக்கமாக இருந்தது. இறங்கி வந்த பைலட்களுக்கோ, ரன்வேயின் விளக்குகளுக்கு நடுவே அந்தச் சிறிய விமானம் கண்ணில் படவில்லை.

ஆக, ரன்வேக்குள் போகலாம் என்று தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு பைலட்டைத் தடுத்து நிறுத்த அந்த இடத்தில் வேறு எதுவுமே இல்லை. என் கோபம் இதில்தான். 2001 அக்டோபர் 8 அன்று இத்தாலியின் மிலன் லினாட்டேவிலும் இதே கதைதான். பழைய தரை ரேடாரை எடுத்துவிட்டார்கள், புதியது இயங்கத் தொடங்கவில்லை. பனிமூட்டத்தில் தவறான டாக்ஸிவேயில், அதாவது ரன்வேக்குப் போகும் இணைப்புப் பாதையில், திரும்பிய சிறிய செஸ்னா விமானம் ஒன்று, பறக்க ஓடிவந்த விமானத்தின் முன்னால் வந்துவிட்டது. 118 பேர் போனார்கள்.

மழை பெய்யும் இரவில் காக்பிட்டில் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். ஈரத் தரையில் வழிகாட்டும் மஞ்சள் கோடு மினுங்கி மறைகிறது. ஒருவர் விமானத்தை ஓட்ட, இன்னொருவர் செக்லிஸ்ட் படிக்கிறார், வரைபடம் பார்க்கிறார், ரேடியோவில் பத்துக் குரல்களுக்கு நடுவே தன் விமானத்தின் பெயரைத் தேடுகிறார். இவர்களின் காதை மட்டும் நம்பியா இத்தனை உயிர்களை ஒப்படைப்பது? அமெரிக்காவில் 20 விமான நிலையங்களில் ரன்வேயில் ஆபத்து இருந்தால் ரேடார் தகவலை வைத்துச் சிவப்பு விளக்குகள் தாமாகவே எரிகின்றன, யாரும் எதுவும் சொல்லக் காத்திருப்பதில்லை. சிங்கப்பூர் சாங்கியிலும் லண்டன் ஹீத்ரோவிலும் எந்த வழியாகப் போக வேண்டுமோ அதில் மட்டும் பச்சை விளக்கு எரியும், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

இன்னொன்று இறக்கை நுனி. பெரிய விமானங்களின் காக்பிட்டில் உட்கார்ந்து பார்த்தால் அது எளிதில் தெரியாது. ஏ350-க்கு ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை ஏறத்தாழ 65 மீட்டர். எச்சரிக்கும் கருவி பொருத்துங்கள் என்று அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2012-லேயே பரிந்துரைத்தது. 2024 செப்டம்பரில் அட்லாண்டாவில் டாக்ஸி செய்துகொண்டிருந்த, அதாவது தரையில் ஊர்ந்துகொண்டிருந்த, ஏ350-இன் இறக்கை, இன்னொரு விமானத்தின் வாலையே பெயர்த்துப் போட்டது. உயிர்ச்சேதம் இல்லை என்பதால் நாமெல்லாம் வீடியோ பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம்.

சொல்ல மறந்துவிடக் கூடாது: தரையில் திடீரென்று பிரேக் போட வேண்டிய நேரம் எப்போது வேண்டுமானாலும் வரும். சக்கரம் தரையைத் தொட்டதும் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பை எடுக்க எழுந்து நிற்காதீர்கள், தயவுசெய்து.

நம் ஊருக்கு வருகிறேன். 2024 மார்ச் 27 அன்று, அதாவது டெனெரிஃப் விபத்து நடந்த அதே தேதியில், கொல்கத்தாவிலிருந்து சென்னைக்குப் புறப்பட ரன்வே அனுமதிக்காகக் காத்து நின்ற விமானத்தின் இறக்கையில், டாக்ஸி செய்துவந்த இன்னொரு விமானத்தின் இறக்கை உரசியது. யாருக்கும் காயமில்லை. உரசிய விமானத்தின் பைலட்கள் இருவரையும் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ பணியிலிருந்து ஒதுக்கி வைத்தது. விசாரிக்கும்வரை அது நியாயம்தான். ஆனால் அதோடு முடிந்துவிடக் கூடாது. அந்த டாக்ஸிவேயில் இடைவெளி போதுமானதா, இடிக்கும் முன் எச்சரிக்க என்ன இருந்தது, அதன்பின் என்ன மாற்றினார்கள் என்பது பயணிகளுக்குப் புரியும் மொழியில் வெளிவர வேண்டும். நம் பெரிய விமான நிலையங்களின் ஒவ்வொரு ரன்வே வாசலிலும் அந்தச் சிவப்பு விளக்கு வரிசை, பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 24 மணி நேரமும் எரிய வேண்டும். பழுதானால் அந்த வாசலையே மூட வேண்டும்.