மெடிக்ளெய்முடன் ஹாஸ்பிட்டல் கேஷும் வாங்கலாம்

மெடிக்ளெய்ம் பாலிசி ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டால், தினப்படி பணம் தரும் ஹாஸ்பிட்டல் கேஷ் பாலிசியில் க்ளெய்ம் செய்ய முடியாது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்கிறார்கள். அது சரியில்லைங்க. மெடிக்ளெய்ம், ஆன செலவை ஈடுகட்டுவது. ஹாஸ்பிட்டல் கேஷ் அப்படியல்ல. பில் எவ்வளவு, அதை யார் கட்டினார்கள் என்று பார்க்காமல், பாலிசி நிபந்தனைப்படி படுத்திருந்த நாட்களுக்கு ஒரு நிலையான தொகை தரும். நாளுக்கு 1,000 ரூபாய், 4 நாள் என்றால் 4,000. இரண்டையும் தாராளமாக வாங்கலாம்.

சந்தேகம் இருந்தால் பாலிசியோடு வரும் கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். பாலிசி வகை என்ற இடத்தில் 'இன்டெம்னிட்டி' என்றால் செலவு ஈடு, 'பெனிஃபிட்' என்றால் நிலையான தொகை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலரிலும், பெனிஃபிட் பாலிசிகள் எத்தனை இருந்தாலும் எல்லாவற்றிலும் க்ளெய்ம் செய்யலாம் என்று இருக்கிறது. அவர்கள் இணையதளத்திலேயே படிக்கலாம். தெரியாமல் உரிய பணத்தை யாரும் விட்டுவிடாதீர்கள்.