செட்டிநாடு 2050-இல் காலியாகிவிடுமா?

'2050-இல் செட்டிநாட்டில் ஆளே இருக்காது, ஐ.நா. அறிவிப்பு' என்று பூட்டிய வீட்டுப் படத்தோடு ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறது. இது பொய்.

ஐ.நா.வின் உலக மக்கள்தொகைக் கணிப்பு நாடுவாரியாகத்தான் வருகிறது. செட்டிநாட்டுக்கென்று அதில் கணக்கே கிடையாது. அவர்களின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

பூட்டிய வீடுகள் உண்மைதான். கானாடுகாத்தான் பக்கம் துருவேறிய பூட்டோடு நிற்கும் வீடு, கல்யாணம் என்றால்தான் திறக்கும். அது சொந்தக்காரர்கள் வெளியூர் போன கதை. அதே தெருவில் மளிகைக் கடைக்காரரும் ஆசாரியும் இருக்கிறார்களே! செட்டிநாட்டின் பெரும்பகுதி இருக்கும் சிவகங்கை மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 11.55 லட்சம், 2011-இல் 13.39 லட்சம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கிறது.

சரி, பிறப்பு குறையவில்லையா? குறைகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை; தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கை குறையாமலிருக்க 2.1 வேண்டும். ஆனால் இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு 2050-இல் முப்பதை ஒட்டிய வயதுதான். வயதுவாரியாகப் பிரித்து, பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு மூன்றையும் சேர்த்துத்தான் கணிப்பார்கள். அப்படிப் பார்த்தால் முதியோர் பங்கு கூடும், ஊர் காலியாகாது.

ஊரில் தனியாக இருக்கும் அப்பத்தா, ஐயாக்கள் அந்த வாட்ஸப் செய்தியைப் படித்துக் கலங்குகிறார்கள். தயவுசெய்து அதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போடுங்கள்.