தண்ணீர்க் கம்பெனிக்கு பொலிவியா நஷ்டஈடு கட்டவில்லை

"கொச்சபாம்பாவில் தனியார் தண்ணீர்க் கம்பெனியை விரட்டியடித்ததற்கு பொலிவியா 5 கோடி டாலர் தண்டம் கட்டியது. ஒப்பந்தம் போட்டால் போட்டதுதான்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

தென் அமெரிக்க நாடான பொலிவியாவின் கொச்சபாம்பா நகரில் 2000 ஜனவரியில் தண்ணீர்க் கட்டணம் எகிறியது; மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரலில் தனியார் கம்பெனியுடனான 40 ஆண்டு ஒப்பந்தம் ரத்தானது. அந்தக் கம்பெனி, அதாவது அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனம் முக்கியப் பங்குதாரராக இருந்த அகுவாஸ் டெல் துனாரி, நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டதும் நடந்ததுதான். ஆனால் 2006 ஜனவரியில் வழக்கு சமரசமாக முடிந்தது. கம்பெனியின் வெளிநாட்டுப் பங்குகள் பொலிவியா தரப்புக்குக் கைமாறிய விலை வெறும் 2 பொலிவியானோ (அந்நாட்டு நாணயம்), அதாவது சில்லறைக் காசு. நஷ்டஈடு என்று எதுவும் தரப்படவில்லை.

உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுத் தகராறு மையத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் வழக்கு விவரம் கிடைக்கும்.

அப்புறம், இதற்கு நேர் எதிராக "போராட்டத்துக்குப் பின் அங்கே எல்லோருக்கும் இலவசத் தண்ணீர்" என்றும் சிலர் பரப்புகிறார்கள். அதுவும் தவறு. விநியோகம் செமாபா என்ற பொது நிறுவனத்திடம் திரும்பியது, கட்டணத்தோடுதான். நகரின் தெற்குப் பகுதியில் குழாய் எட்டாத வீடுகள் பல ஆண்டுகள் கழித்தும் லாரித் தண்ணீரைக் கூடுதல் விலைக்கு வாங்கின.

இரண்டில் எது வந்தாலும் மேற்கொண்டு அனுப்ப வேண்டாம்.