சுங்கை சிப்புட் ஆட்டுக்காரர்கள் ஒன்று சேர்வதானால்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் ஆட்டுத் தரகரின் லாரி வந்து நிற்கும். அவர் இறங்கி, அப்பாவின் கிடாக்களின் முதுகெலும்பை விரலால் அழுத்திப் பார்த்து, முன்னங்கால்களோடு சேர்த்து ஒருமுறை தூக்கிப் பார்த்து, ஒரு தொகையைச் சொல்வார். விடியற்காலையில் மரம் சீவி, பொழுது சாயும் நேரத்தில் புல்லறுத்துச் சுமந்து வந்து, ஓராண்டுக்கு மேல் வளர்த்த ஆட்டின் விலை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அப்பாவிடம் தராசு கிடையாது. வேறு வழியும் கிடையாது, ஏனென்றால் லாரி போய்விட்டால் அடுத்த லாரி தீபாவளிக்குப் பிறகுதான் வரும்.

பால்மரங்கள் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. பல லயங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆனாலும் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள எங்கள் சுங்கை சிப்புட்டைச் சுற்றிப் பரண் கொட்டகை போட்டு ஆடு வளர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களில் நானும் ஒருவன். நாமே கூட்டுறவுக் கழகம் அமைத்து, நம் ஆடுகளை நாமே அறுத்து, துண்டு போட்டு, பொட்டலமாக விற்க வேண்டும் என்ற பேச்சு சில மாதங்களாக எங்களிடையே நடந்து வருகிறது. இந்த முயற்சியை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால், அரசு மானியத்துக்கு மனுப் போட்டு முதலில் அறுப்புக்கூடம் கட்டிவிடுவோம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. கட்டடம் கடைசியில் வர வேண்டியது என்பதே என் கருத்து.

கணக்கை முதலில் பார்ப்போம். 40 கிலோ எடையுள்ள கிடாவை அறுத்தால் தலை, தோல், குடல், இரத்தம் எல்லாம் போக எலும்போடு சேர்ந்த இறைச்சி ஏறத்தாழ 18 முதல் 20 கிலோ வரைதான் நிற்கும். உயிரோடு விற்பவர் அந்த எடையைக் கண்ணால் மதிப்பிடச் சொல்லி விற்கிறார். துண்டு போட்டு விற்பவரோ கிராம் கணக்கில் விற்கிறார். இடையிலுள்ள பணம் முழுவதும் இலாபம் அன்று. குளிர் அறை, கால்நடை அதிகாரியின் பரிசோதனை, ஹலால் சான்றிதழ், கழிவுநீர்த் தொட்டி, கத்தி பிடிக்கத் தெரிந்தவரின் சம்பளம் ஆகிய எல்லாவற்றையும் அந்தப் பணமே தாங்க வேண்டும். வாங்க ஆள் இல்லை என்ற கவலை எனக்கு இல்லை. நம் நாட்டில் உண்ணப்படும் ஆட்டிறைச்சியில் மிகப் பெரும்பகுதி இறக்குமதியாகிறது, அதிலும் பெரும்பங்கு ஆஸ்திரேலியாவிலிருந்து உறையவைத்து வருகிறது. உள்ளூர் ஆட்டின் புது இறைச்சிக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்காத குடும்பங்களை நம் ஊர்ப் பாசாரிலேயே பார்க்கலாம்.

எனக்குள்ள கவலை வேறு. தீபாவளிக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் முனியாண்டி கோயில் கிடா வெட்டுக்கும் எல்லாரிடமும் ஆடு இருக்கும். மற்ற மாதங்களில் வாரத்துக்கு ஐந்து ஆடு சேர்ப்பதே பெரும்பாடு. மின்கட்டணமும் சம்பளமும் பெருநாள் பார்த்து வருவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் உறுப்பினராக இருந்த ஒரு சிறிய குழுவில் இதை நேரில் கண்டேன். பெரிய உறைபெட்டி வாங்கினோம், கடைகளுக்கு வாக்குக் கொடுத்தோம். தீபாவளி நெருங்கியதும் தரகர் ஆட்டுக்கு ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாகத் தந்தார். ஒவ்வொருவராக அவரிடம் விற்றோம். நானும் இரண்டு கிடாக்களை விற்றேன். அந்த வாரம் கடைகளுக்குக் கொடுக்க எங்களிடம் இறைச்சி இல்லை, அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரர்கள் எங்கள் அழைப்பை எடுக்கவுமில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மாட்டு வளர்ப்பைப் பெருந்தொழிலாகச் செய்யும் அமெரிக்கர்களும், விலையைப் பிறர் சொல்லும் இதே இடரைச் சந்தித்திருக்கிறார்கள். அங்கே கொழுக்க வைத்த மாடுகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் நான்கே நிறுவனங்கள் அறுக்கின்றன. அவை சொல்வதே விலை. 1990களின் பிற்பகுதியில் 'யூ.எஸ். பிரீமியம் பீஃப்' என்ற பெயரில் ஒன்று சேர்ந்த வளர்ப்பாளர்கள் செய்த ஏற்பாடு நாம் கவனிக்க வேண்டியது. அங்கே ஒரு பங்கு வாங்கினால் ஆண்டுக்கு ஒரு மாட்டைக் கொடுக்கும் உரிமை கிடைக்கும், அந்த ஒரு மாட்டைக் கொடுத்தே தீர வேண்டிய கடமையும் சேர்ந்தே வரும். அவர்கள் முதலில் கட்டடம் எழுப்பவில்லை. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த ஓர் இறைச்சி நிறுவனத்தில் பங்கு வாங்கினார்கள். டென்மார்க்கில் 1887இல் ஹோர்சென்ஸ் நகரில் பன்றி வளர்க்கும் விவசாயிகள் முதல் கூட்டுறவு அறுப்புக்கூடத்தைத் தொடங்கியபோதும், தம் பன்றிகளை அதற்கே கொடுப்பதாக உறுப்பினர்கள் கட்டுப்பட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு இல்லாத கூட்டுறவு வெறும் பெயர்ப்பலகைதான்.

நம்மால் இது முடியாது என்று சொல்பவர்கள் நம் ஊரின் வரலாற்றையே மறந்துவிடுகிறார்கள். மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், 1960இல், அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், நாள்கூலி வாங்கியவர்களிடம் நூறு வெள்ளிப் பங்குக்காகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிக் காட்டினார். நம் பாட்டன் பாட்டிகள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டதனால்தான் அந்தச் சங்கம் தங்களுடையது என்று உரிமையோடு பேசினார்கள். மானியத்தில் வரும் குளிர் அறையை யாரும் அப்படித் தம்முடையதாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இதை இந்தியர்களின் கழகமாக மட்டும் வைத்துக்கொள்வது தவறு. நம்மைப் போலவே கம்போங்கில் (கிராமத்தில்) ஆடு வளர்க்கும் மலாய்க்கார அண்டை வீட்டார் இருக்கிறார்கள். ஹலால் முறைப்படி அறுக்க முஸ்லிம் அறுப்பாளர்கள் வேண்டும். குழந்தை பிறந்தால் கொடுக்கும் அக்கீக்காவுக்கு ஆண் குழந்தைக்கு இரண்டு ஆடு, பெண் குழந்தைக்கு ஓர் ஆடு என்பது அவர்கள் வழக்கம். பெருநாள் இல்லாத மாதங்களிலும் ஆடு கேட்கும் சந்தை அது. அவர்களை வெறும் வாங்குபவர்களாக வைக்காமல், சம வாக்குரிமையுள்ள உறுப்பினர்களாகச் சேர்க்க வேண்டும்.

ஆகவே முதல் ஆண்டுக்கு நான் கேட்பது மிகக் கொஞ்சம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு தராசு வாங்குவோம்; இனி எடை போடாமல் ஓர் ஆடும் கொட்டகையை விட்டுப் போகக்கூடாது. ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். நம் தட்பவெப்பத்தில் ஆடு ஆண்டு முழுவதும் சினை பிடிக்கும் என்பதால், எந்த மாதம் யார் பெட்டையோடு கிடாவைச் சேர்ப்பது என்று ஒரே குறிப்பேட்டில் எழுதிவைத்தால் வாரந்தோறும் ஆடு கிடைக்கும்படி செய்யலாம். அதுவரை உரிமம் பெற்ற ஏதாவதோர் அறுப்புக்கூடத்தில் வாரத்தில் ஒருநாளுக்குக் கட்டணம் கட்டி அறுப்போம். 52 வாரம் தவறாமல் ஆடு கொடுத்துக் காட்டிய பிறகு கட்டடத்தைப் பற்றிப் பேசுவோம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆடு வைத்திருப்பவர்கள், தங்களிடம் எத்தனை பெட்டை இருக்கிறது, எந்தெந்த மாதத்தில் எத்தனை ஆட்டை உறுதியாகக் கொடுக்க முடியும் என்பதைக் கீழே எழுதுங்கள். என் கணக்கு இது: பதினான்கு பெட்டைகள், வரும் ஆண்டில் மாதம் ஓர் ஆடு, தீபாவளி மாதத்திலும் அதே ஒன்று.