ஹம்பியை நடந்து பாருங்கள்

போன பெப்ரவரியில் மாமாவோடு ஹம்பி, அதாவது கர்நாடகத்தில் இருக்கிற பழைய விஜயநகரப் பேரரசின் தலைநகர், போய் வந்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. இலங்கை மலைநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போகிறவர்களே, தயவுசெய்து ஒரு நாளாவது வேனை விட்டு இறங்கி நடங்கள்.

நம்ம ஆட்கள் போகிற டூர் எப்படி என்று தெரியும்தானே. மூன்று வருஷத்துக்கு முன்னே நானும் அம்மாவும் அப்படி ஒரு யாத்திரை போனோம். பதினொரு நாளில் முப்பது கோயில். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு நாற்பது நிமிஷம் தந்தார்கள், அதில் பாதி செருப்பு வைத்து எடுப்பதிலேயே போய்விட்டது. அம்மா விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார், வெளியே வேன்காரர் ஹோர்ன் அடிக்கிறார். ஆயுசு முழுக்கக் காசு சேர்த்துப் போன மனுஷிக்கு அவ்வளவுதான் கிடைத்தது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதனால் இந்த முறை ஒரே ஊர், ஒரே நாள், நடை மட்டும் என்று முடிவெடுத்தோம். பெங்களூரில் இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஹொசபேட்டை, அங்கிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் பஸ். விரூபாட்சர் கோயிலில் இன்றைக்கும் பூசை நடக்கிறது. உள்ளே ஒரு இருட்டு அறையில், சுவரில் இருக்கிற சின்னத் துவாரம் வழியாக, வெளியே நிற்கிற ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாக விழுகிறது. மாமா அதைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்புறம் ஹேமகூட மலை ஏறி இறங்கி, கடைத்தெரு வழியாக ஆற்றங்கரைப் பாதை. துங்கபத்திரை ஒரு பக்கம், வீடு வீடாய் உருட்டி வைத்த மாதிரிப் பாறைகள் மறுபக்கம். எங்களுக்கு நடை பெரிசில்லை, மலையில் ஏறி இறங்கிப் பழகிய கால்கள். வெயில்தான் ஆளைக் கொன்றது. ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தபோதுதான் மாமா அதைக் கண்டார்.

பாறையின் ஓரத்தில் வரிசையாகக் குழிகள். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தால் உள்ளே போகிற அளவு, நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோட்டில். பாதிக் குழியோடு பாறை பிளந்து அடுத்த பாதி போயிருந்தது. மாமா தேயிலைத் தோட்டத்தில் ரோட்டுக்கும், ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற போக்குக்கும் கல் உடைத்தவர். ஒவ்வொரு குழியாக விரல் விட்டுப் பார்த்தார். "மருமகன், இங்க பாரு, ஆப்பு வச்ச எடம். நாங்க இரும்பு ஆப்பு வச்சு சம்மட்டியால அடிப்போம். இவங்க மர ஆப்பா இருக்கும், தண்ணி ஊத்தினா மரம் ஊதிக் கல்லு வெடிச்சிரும்" என்றார். அவர் சொன்னது சரி, ஹம்பிக் கல்லை அப்படித்தான் பிளந்தார்கள் என்று சொல்கிறார்கள். மாமா ஹம்பி பற்றி ஒரு வரி படித்தவரில்லை, குழியைப் பார்த்தே சொன்னார். அதற்குப் பிறகு வழி நெடுக எந்தப் பாறையைப் பார்த்தாலும் அந்தக் குழிகள்தான் கண்ணில் பட்டன.

அந்த ஆற்றங்கரைப் பாதை போய்ச் சேர்கிற விட்டலர் கோயிலுக்கு மற்றப் பக்கமாக பேட்டரி வண்டியில் வருகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. வருகிறார்கள், ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கிற கல் ரதத்துக்கு முன்னால் படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நேரம் கொடுக்காத டூரைத்தான் சொல்கிறேன். அந்த ரதம் ஒரே கல் மாதிரித் தெரியும், கிட்டப் போய்ப் பார்த்தால் பல கற்கள், பொருத்து தெரியாதபடி அதன் மேலேயே வேலைப்பாடு ஓடுகிறது. மாமா அதைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். கிருஷ்ணதேவராயர் பேர் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பொருத்தை மறைத்த ஆசாரியின் பேர் யாருக்குத் தெரியும்? ஏறத்தாழ 200 வருஷமாகக் காட்டை வெட்டி, தண்ணீர்க் கான் வெட்டி, ரோட்டுப் போட்ட நம்ம மலைநாட்டு ஆட்களின் பேரும் தோட்டத் துரைமாரின் பேரோடு எங்கேயும் எழுதப்படவில்லை. அதனால் எனக்கு இது சும்மா சுற்றுலா விஷயமாகப் படவில்லை.

இந்த ஊர் நமக்கு அந்நியமும் இல்லை. மதுரை நாயக்கர்கள் முதலில் விஜயநகரத்தின் ஆட்களாக வந்தவர்கள், அந்த மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர்கள்தான் 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டார்கள். 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்று இந்த நகரம் அழிந்தது என்று பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் படிப்போம். அந்த ஒரு வரிக்குள் இருக்கிற ஊரைக் கடக்க எங்களுக்குப் பொழுது சாய்கிற வரை ஆனது, அப்போதும் ஹசார ராமர் கோயில் சுவரில் செதுக்கிய ராமாயணத்தைப் பாதிதான் பார்க்க முடிந்தது.

ஒன்று மட்டும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. விரூபாட்சர் கோயில் முன்னே இருக்கிற கடைத்தெருவின் பழைய கல் மண்டபங்களில் குடும்பங்கள் குடியிருந்து கடையும் வைத்திருந்தார்கள். 2011இல் அவர்களை எழுப்பிவிட்டு வீடுகளை இடித்தார்கள். பாரம்பரியச் சின்னத்தைக் காப்பாற்ற வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்லுக்குக் கொடுக்கிற மரியாதையை அங்கே அடுப்பு மூட்டியவர்களுக்கும் கொடுத்திருக்கலாம். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், பத்தடி பன்னிரண்டடிக் காம்பராவில் பிறந்து, அதுவும் நமக்குச் சொந்தமில்லை என்று கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தத் தெருவைச் சும்மா கடந்து போக முடியவில்லை.

திரும்பி வந்த மறுவாரம் மாமா என்னை எங்கள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக்குப் போகிற ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போக்குக்குப் பக்கத்துக் கல்லில் நாலு குழிகள், பாசி பிடித்துக் கிடக்கின்றன. அவர் போட்டவை. நான் தினமும் பள்ளிக்கூடம் போன வழி அது.

போகிறவர்கள் டிசம்பர், ஜனவரி, பெப்ரவரிக்குள் போங்கள். விடியக் காலமே நடக்கத் தொடங்குங்கள், ஆளுக்கு மூன்று போத்தல் தண்ணீர், தொப்பி, நல்ல சப்பாத்து. விட்டலர் கோயில் டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள், அன்றைக்கே ஹம்பியிலேயே இருக்கிற தாமரை மகாலுக்கும் அதைக் காட்டலாம். வயசான ஆட்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், மெதுவாக நடந்தால் போதும். வழி தெரிய வேண்டுமென்றால் கேளுங்கள், சொல்கிறேன்.